வெற்று ஊசியின் நியாயம்

மூளைக் கட்டியை அழிக்கப் பாய்ச்சிய கதிர், சிலருக்கு மாதங்களோ வருடங்களோ கழித்து, அருகிலிருந்த நல்ல திசுவையும் சாகடிக்கிறது. தலைவலி, மறதி, தடுமாறும் நடை, வலிப்பு என்று பழைய நோயே திரும்பிவிட்டதுபோல் அறிகுறிகள் தோன்றுகின்றன. ஸ்கேன் படத்திலும் இரண்டையும் பிரித்தறிவது கடினம். கதிரின் அளவு சரியாக இருந்தும், யாரும் தவறு செய்யாமலும் நேரக்கூடிய கேடு இது. ஆனாலும் செய்த கை மருத்துவத்தின் கைதான். அப்படிக் கெட்டுப்போன ஒருவருக்கு, சோதனையின் பெயரால், மருந்தில்லாத வெற்று ஊசியைப் போடலாமா?

இது கற்பனைக் கேள்வி அல்ல. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மைய மருத்துவர்கள் நடத்திய அத்தகைய சோதனையின் முடிவு 2011இல் வெளியானது. அதில் சேர்ந்தவர்கள் 14 பேர். பாதிப் பேருக்கு பெவசிசுமாப் என்ற மருந்து. மீதிப் பேருக்கு வெற்று ஊசி. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, கவனித்த மருத்துவருக்கும் தெரியாது.

பெவசிசுமாப் 2004இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்காக அனுமதி பெற்ற மருந்து. கதிரால் சிதைந்த ரத்தக் குழாய்கள் போதிய ஆக்சிஜனைக் கொண்டுசேர்ப்பதில்லை. தவித்த திசு, புதுக் குழாய்களை வளர்க்கச் சொல்லி ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அதனால் குழாய்கள் கசிந்து மூளை வீங்குகிறது. அந்தப் புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடுவதே இந்த மருந்தின் வேலை. 2007இலேயே இதனால் எட்டுப் பேருக்கு வீக்கம் குறைந்ததாக அறிக்கை வந்துவிட்டது.

எட்டுப் பேர் தேறியது தெரிந்த பிறகும் ஏழு பேரைக் காக்க வைத்தது எப்படி நியாயம்? வீக்கத்துக்கு வழக்கமாகத் தரும் ஸ்டீராய்டு நாள்பட்டால் சர்க்கரையை ஏற்றும், தசையைக் கரைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். மருத்துவத்தால் ஒருமுறை அடிபட்டவரை மறுபடியும் அளவுகோலாக்குவது கொடுமை என்று சொல்பவரை எளிதில் மறுக்க முடியாது.

ஆனால் எட்டுப் பேர் தேறியதற்குக் காரணம் அந்த மருந்துதானா? இந்தக் கேடு சிலருக்குத் தானாகவே தணிவதுண்டு. மேலும், இந்த மருந்து குழாய்களின் கசிவை அடைத்துவிடுவதால், படத்தில் வெளிச்சமாகத் தெரிந்த இடம் மங்கிவிடும். படம் தேறிவிட்டது என்பதால் ஆள் தேறிவிட்டார் என்று சொல்ல முடியாது. ரத்தக்கட்டு, ரத்தக்கசிவு ஆகிய ஆபத்துகளும் உண்டு. இதே கேட்டுக்கு முன்பு ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். உயர் அழுத்த ஆக்சிஜன் அறைக்குள் அமர்த்திப் பார்த்தார்கள். எல்லாம் இரக்கத்தால் செய்தவைதான். இரக்கம் மட்டும் இருந்தால், எது பலித்தது என்பது கடைசிவரை தெரியாது.

ஆகவே ஐயம் உண்மையானது. அது மட்டும் போதாது. காத்திருப்பு எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். ஹூஸ்டனில் அது சில வாரங்களே. நிலைமை மோசமானவர் உடனே மருந்துப் பக்கம் மாறலாம். வெற்று ஊசி பெற்ற ஏழு பேரில் ஒருவருக்கும் வீக்கம் குறையவில்லை. மருந்துக்கு மாறியதும் ஏழு பேருக்கும் குறைந்தது. மருந்து பெற்றவர்களில் சிலருக்கு ரத்தக்கட்டு போன்ற கடும் விளைவுகளும் வந்தன. பலன், ஆபத்து இரண்டுக்கும் அதன்பின்தான் நம்பத்தக்க சான்று கிடைத்தது.

இன்னும் கடினமானது சம்மதம். இங்கே கையெழுத்துப் போட வேண்டிய மூளையே காயப்பட்ட மூளை. காலையில் புரிந்துகொண்டதை மாலையில் மறந்துவிடுபவரின் சம்மதம் எத்தனை மணி நேரத்துக்குச் செல்லும்? உறவினரைக் கூட வைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை கேட்டதோடு நிறுத்தாமல் ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் கேட்க வேண்டும். 'வேண்டாம்' என்ற சொல்லை, நினைவு தவறியவர் சொன்னாலும், மதிக்க வேண்டும். பழைய தாளில் இருக்கும் கையெழுத்தை விட இன்று முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு மதிப்பு அதிகம்.

இந்த நியாயத்துக்குக் காலக்கெடுவும் உண்டு. நிரூபணமான சிகிச்சை இருக்கும்போது வெற்று மருந்துக்குப் பொதுவாக இடமில்லை என்பது, 1964இல் உலக மருத்துவ சங்கம் ஏற்று, பின்னர் பலமுறை திருத்திய ஹெல்சிங்கி பிரகடனத்தின் நிலை. மூக்கின் பின்புறத் தொண்டைப் புற்றுநோய் மிகுந்த தென் சீனத்தில், அதற்குப் பாய்ச்சிய கதிரால் மூளை கெட்ட 112 பேரிடம் நடந்த சோதனை 2018இல் வெளியானது. அதில் பெவசிசுமாப் ஸ்டீராய்டோடுதான் ஒப்பிடப்பட்டது. பலன் கண்டவர்கள் பெவசிசுமாப் பெற்றோரில் 65.5 சதவீதம், ஸ்டீராய்டு பெற்றோரில் 31.5 சதவீதம். முதல் சோதனையின் முழு வெற்றி இங்கே மூன்றில் இரண்டாகச் சுருங்கியது. ஆனாலும் மருந்தே முந்தியது. அறியாதபோது நியாயமாக இருந்த வெற்று ஊசி, அறிந்த பிறகு அநியாயமாகிறது.

அந்த ஏழு பேரின் காத்திருப்பை நாம் நியாயப்படுத்தியது ஒரே காரணத்தால்: பின்னால் வருபவர்களுக்கு அது உதவும் என்று. விலை எட்டாமலோ, அனுமதிப் பட்டியலில் இந்தக் கேட்டின் பெயர் இல்லை என்று காப்பீடு கைவிரித்தோ, பின்னால் வந்தவர் மருந்தின்றி நின்றால், அந்தக் காரணம் பொய்த்துப்போகும். அவருக்கு வெற்று ஊசி போடுபவர் யாருமில்லை. ஆனாலும் அவர் காத்திருக்கிறார். இந்த முறை, விடை தெரிந்த கேள்விக்காக.