மலிவும் நியாயமும்

கிறிஸ்தவ சமய ஞானிகளுள் தலைசிறந்தவரும், வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்தின் ஆயராக விளங்கியவருமான அகுஸ்தினார், இறைவனின் திரித்துவத்தைக் குறித்து எழுதிய பெருநூலின் 13-ஆம் பாகத்தில் ஒரு கூத்தனைப் பற்றிய செய்தியை எடுத்துரைக்கிறார். அடுத்த நாடகத்தின்போது ஊரார் அனைவர் மனத்திலும் இருப்பது இன்னதென்று வெளிப்படுத்தப் போவதாக அக்கூத்தன் அறிவிக்க, குறித்த நாளில் பெருங்கூட்டம் திரண்டு மூச்சடக்கிக் காத்திருந்தது. மலிவாக வாங்கவும் அதிக விலைக்கு விற்கவுமே எல்லோரும் விரும்புகிறீர்கள் என்று அவன் சொன்னதும், தங்கள் நெஞ்சைப் படித்துவிட்டான் என்று சபையோர் ஆரவாரம் செய்தார்கள். அகுஸ்தினார் அந்த ஆரவாரத்தில் கலந்துகொள்ளவில்லை. தமக்குத் தெரிந்த ஒருவரிடம் ஒரு கையெழுத்துப் பிரதி விலைக்கு வந்ததையும், கொண்டுவந்தவன் அதன் மதிப்பறியாமல் சொற்ப விலை கேட்டதையும், வாங்கியவரோ அவன் எதிர்பாராத வண்ணம் அதற்குரிய நியாயமான விலையைக் கொடுத்ததையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். உலகம் மனித சுபாவம் என்று ஒப்புக்கொண்ட ஒன்றை ஒரே ஒருவர் வென்று காட்டினாலும், அது மாற்ற முடியாத விதியன்று என்பது அதனால் நிரூபணமாகிறது.

ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்குப் பிறகு அதே கேள்வி, முன்னிலும் கூர்மையாக, நம் ஒவ்வொருவர் கையிலுள்ள போனிலும் வந்து நிற்கிறது. அக்காலத்தில் ஒரு பொருளின் உண்மை மதிப்பை அறிந்தவர்கள் பழகிய வியாபாரிகளும் பண்டிதர்களுமாகிய சிலரே. இன்றோ, காசு செலவின்றி எவரும் பயன்படுத்தக்கூடிய சாதனங்கள் அந்த அறிவைச் சாமானியர்க்கும் வழங்கிவிட்டன. அறிவு பெருகியது நன்மையே, ஐயமில்லை. ஆனால் அந்த அறிவை எவரிடத்தில், எவ்விதம் பிரயோகிப்பது தர்மம் என்பதைச் சிந்திக்காமல், மலிவாகக் கிடைத்ததெல்லாம் சாமர்த்தியத்தின் வெற்றி என்று மகிழ்வது விவேகமாகாது.

முதலில், குற்றமற்ற உபயோகத்தைப் பார்ப்போம். அமேசான் போன்ற பெருங்கடைகளில் ஒரு பொருளுக்கு எந்த மாதத்தில் என்ன விலை இருந்தது என்பதைக் கீப்பா, கேமல்கேமல்கேமல் ஆகிய சாதனங்கள் கோட்டுப் படமாக வரைந்து காட்டுகின்றன. கடையின் பக்கத்தில் பெரிய விலையொன்று அடிக்கப்பட்டு, அதன் அருகே தள்ளுபடி விலை பளிச்சென்று தெரியும். படத்தைத் திறந்தால், சில வேளைகளில், அந்தத் 'தள்ளுபடி' விலையிலேயே பொருள் பல மாதங்கள் விற்றுவந்ததும், விற்பனைத் திருவிழாவுக்குச் சில நாள் முன்பு மட்டும் கோடு மேலே ஏறி மறுபடி இறங்கியதும் புலப்படும். இந்தச் சூழ்ச்சியை ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தினாலேயே தடுக்க முற்பட்டது. தள்ளுபடியை அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையையே பழைய விலையாகக் காட்ட வேண்டும் என்ற விதி 2022 மே மாதம் முதல் அங்கு அமலில் இருக்கிறது. வாங்குவோர் கோடிக்கணக்கானோரின் விருப்பு வெறுப்புகளையெல்லாம் அறிந்துவைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் எதிரில், தன்னந்தனியனாக நிற்கும் ஒருவன் விலையின் வரலாற்றைத் தெரிந்துகொள்வது பிறரை வஞ்சிப்பதன்று, தான் வஞ்சிக்கப்படாமல் காத்துக்கொள்வதே. இங்கே அறிவு தராசைச் சாய்க்கவில்லை, சாய்ந்திருந்ததை நிமிர்த்துகிறது.

இரண்டாவதாக, தன்னையே தன் ஆசையினின்று காத்துக்கொள்ளும் உபயோகம் ஒன்றுண்டு. பியேர் ஒமிடியார் 1995-இல் தொடங்கிய ஈபே ஏலத்தில், நாம் கொடுக்கத் துணியும் உச்ச விலையை முன்கூட்டியே பதிந்துவிட்டால், அதை மற்றவர்க்குக் காட்டாமல், தேவையான அளவுக்கு மட்டும் நமக்காக விலையைக் கூட்டிக்கொண்டு போகும் ஏற்பாடு இருக்கிறது. நாம் 100 டாலர் என்று பதிந்து, அடுத்தவர் 60-இல் நின்றுவிட்டால், நமக்குப் பொருள் 61 டாலருக்குக் கிடைத்துவிடும். பிறருடைய கேட்பை ஒட்டியே நாம் செலுத்தும் தொகை அமைகின்ற இத்தகைய ஏலத்தில், தன் மனத்திலுள்ள மெய்யான மதிப்பைச் சொல்வதே புத்திசாலித்தனமும் ஆகும் என்பதை வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1961-இல் விளக்கினார். 1996-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. உண்மையும் லாபமும் ஒரே திசையில் செல்லும் இப்படியொரு ஏற்பாடு இருந்தும், இறுதி நிமிஷத்தில் வேறொருவர் தம்மை மிஞ்சிவிட்டார் என்ற செய்தியைக் கண்டதும், பொருளை மறந்து போட்டியையே பெரிதாக எண்ணி, நிச்சயித்த எல்லையைத் தாண்டுவோர் பலர். ஆகவே ஏலத்திற்குப் போகிறவன் முதலில் அதே பொருள் அண்மையில் என்ன விலைக்கு விற்று முடிந்தது என்பதைப் பார்த்து, அமைதியான வேளையில் ஒரு தொகையைச் சங்கல்பம் செய்து, அதைப் பதிந்துவிட்டு அகன்றிருப்பதே உத்தமம். கிடைக்காமற் போனால், அது நமக்கு அவ்விலைக்கு உரியதன்று என்று அமைதி கொள்ளலாம்.

மூன்றாவது உபயோகத்தில்தான் மனச்சாட்சிக்குச் சோதனை வருகிறது. பொருளின் பெயரைத் தவறாக எழுதி ஏலத்திற்கு விடுவோர் பலருண்டு; சரியான பெயரைத் தேடுவோர் கண்ணுக்கு அவை தென்படாமையால் கேட்பாரின்றிக் கிடக்கும். அவ்வாறு எழுத்துப் பிழையுள்ள ஏலங்களை மட்டும் தேடிப் பொறுக்கித் தரும் இலவச சாதனங்களும் உண்டு. 1852-ஆம் ஆண்டு ஆர்க்டிக் கடற்பயணத்திற்கென்று இங்கிலாந்தில் ஆல்ஸாப் நிறுவனம் காய்ச்சிய பீரின் பழைய புட்டி ஒன்று, நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்ட நிலையில் 2007-இல் ஈபேயில் வந்து, 304 டாலருக்குப் போயிற்று. வாங்கியவர் பெயரைச் செம்மையாக எழுதி மறுபடி ஏலம் விட, கேட்பு 5,03,300 டாலர் வரை ஏறியது. அந்தக் கடைசிக் கேட்பு மெய்யானதன்று என்பது பின்னர் தெரியவந்தாலும், விடுபட்ட ஓர் எழுத்தில் எவ்வளவு பெரிய ஆசை குடிகொள்ள முடியும் என்பதற்கு அது சாட்சியாக நிற்கிறது.

பிழை செய்தது அவர், தேடிக் கண்டது நான், இதில் அநியாயம் எங்கே என்று வாங்குகிறவர் கேட்கலாம். இக்கேள்வியும் புராதனமானதே. பஞ்சத்தால் வாடும் ரோட்ஸ் தீவுக்கு ஒரு வியாபாரி தானியக் கப்பலோடு வந்து சேர்கிறான். இன்னும் பல கப்பல்கள் பின்னால் வருகின்றன என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். அதை அவன் சொல்ல வேண்டுமா, மறைத்து அதிக விலைக்கு விற்கலாமா? ரோமானிய அறிஞர் சிசரோ கடமைகளைக் குறித்து எழுதிய நூலில் இவ்விவாதத்தை விரிக்கிறார். சொல்லாமலிருப்பது வேறு, வஞ்சித்து மறைப்பது வேறு என்று வாதிக்கிறார் தத்துவ ஞானி டயோஜெனிஸ். மனித குலத்தின் நன்மையை நாடப் பிறந்தவன் இதை மறைக்கலாகாது என்கிறார் அவருடைய மாணாக்கர் ஆன்டிபேட்டர். மாணாக்கர் பக்கமே சிசரோ தீர்ப்பளிக்கிறார். இஸ்லாமிய மரபோ இன்னும் நேராகச் சொல்கிறது: சரக்கோடு வருகிற வணிகக் கூட்டத்தை, அவர்கள் சந்தை நிலவரம் அறியுமுன் வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபிகள் நாயகம் தடுத்தார், அப்படி வாங்கப்பட்டிருந்தால், சந்தைக்கு வந்தபின் அந்த விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையையும் விற்றவனுக்கு அளித்தார். எழுத்துப் பிழையைத் தேடும் சாதனமும் வழியில் சென்று மறிப்பதற்கு ஒப்பானதே அன்றோ?

ஆயினும், பல ஆண்டுகள் உழைத்துக் கற்ற தேர்ச்சிக்குப் பயனே கூடாதா என்ற ஆட்சேபத்தை அலட்சியம் செய்தலும் நியாயமாகாது. பழம்பொருள் வியாபாரி ஒருவர், மற்றொரு வியாபாரியின் கடையில் அவர் ஆராயாமல் விட்ட அரிய பொருளைக் கண்டெடுத்தால், இருவரும் அறிவையே முதலாக இட்டுத் தொழில் செய்கிறவர்கள் ஆதலால், அந்த லாபத்தைக் குறைகூற இடமில்லை. கிறிஸ்தவ சமய ஞானி தாமஸ் அக்வினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே இங்கு ஓர் எல்லை வகுத்தார்: பொன்னைப் பித்தளை என்று எண்ணி ஒருவன் விற்க, உண்மை தெரிந்தே வாங்கியவன் அநீதி செய்தவனாகிறான், வேறுபாட்டை அவன் ஈடுசெய்யவும் கடமைப்பட்டவன். கூடக்குறைய விலை போவது சந்தையின் இயல்பு; தான் விற்பது இன்னதென்றே அறியாதவனிடமிருந்து வாங்குவது அந்த இயல்பில் சேராது. இறந்த கணவருடைய பெட்டியைத் திறந்து, அதிலிருக்கும் கேமராவின் பெயரைக்கூடச் சரியாக எழுதத் தெரியாமல், வீட்டுச் செலவுக்காக ஏலத்திற்கு விடும் மூதாட்டியை நினைத்துப் பார்த்தால், இவ்வெல்லை எங்கே ஓடுகிறது என்பது எவருக்கும் விளங்கும்.

நம் நாட்டுச் சிந்தனையும் இதற்கு வேறானதன்று. மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில், தலைமுடியில் பறவைகள் கூடு கட்டும்வரை அசையாது தவமிருந்த ஜாஜலி முனிவர், அந்தத் தவத்தால் கர்வமடைந்தபோது, காசியில் கடை வைத்திருந்த துலாதாரனிடம் தர்மம் கற்கச் செல்ல வேண்டியிருந்தது. எல்லா உயிர்களுக்கும் தன் தராசு சமமாக நிற்கிறது என்பதே அவ்வணிகனின் தவம். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் செய்வார்க்கு வாணிகம் என்று வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தை முடித்ததும் இக்கருத்தினாலேயே. அந்த நடுவுநிலைமை விற்பவனுக்கு மட்டும் விதித்ததென்று எண்ணுவது பெரும் பிழை. அறிவு வாங்குகிறவன் கைக்கு மாறிய காலத்தில், தராசும் அவன் கைக்கே மாறிவிட்டது.

ஆகையால், விலைப் படத்தையும் முடிந்த ஏலங்களின் விலையையும் தாராளமாகப் பாருங்கள். போட்டியின் வெறியில் சிக்காமல் எல்லை வகுத்துக் கேளுங்கள். அறியாதவர் ஒருவரின் பிழை கண்ணில் பட்டால், ஏலம் கேட்பதற்கு முன் அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். அவகாசம் இருந்து, எவரும் கேட்டிராதவரை, தலைப்பை அவர் திருத்திக்கொள்ள முடியும். உண்மையை அறிந்த பின்னும் அவர் அதே விலைக்குத் தர இசைந்தால் மனநிறைவோடு வாங்குங்கள். திருத்திய பின் விலை உயர்ந்து பொருள் வேறொருவர்க்குப் போய்விட்டால், நம்முடையது எதுவும் நஷ்டமாகவில்லை. அவருக்குச் சேர வேண்டியது அவருக்குச் சேர்ந்தது.