விதைக்குள் இருந்தது யாருடையது?

இரண்டு பீஸ் லில்லிகளைக் கலந்து, அதுவரை யாரும் கண்டிராத மூன்றாவது செடியை ஒருவர் நம் முன் வைக்கிறார். அதை அவர் படைத்தார் என்று சொல்லலாமா? கூடாது என்பதே என் வாதம். அவர் செய்தது தேர்வு. அந்தச் செடியின் மேல் அவருக்குள்ள உரிமையும் கடமையும் இந்த விடையைப் பொறுத்தே அமைகின்றன.

வேலை நடக்கும் விதத்தைப் பார்ப்போம். பீஸ் லில்லிகள் அடங்கிய ஸ்பாத்திஃபில்லம் என்ற பேரினம் நம் சேம்பின் குடும்பம்; அதன் இனங்களில் பெரும்பாலானவை நடு, தென் அமெரிக்க மழைக்காடுகளுக்கு உரியவை. நாம் பூ என்று எண்ணும் வெள்ளைப் பகுதி உண்மையில் பாளை. பூக்கள் அதன் நடுவே நிற்கும் கதிரில் புள்ளி புள்ளியாக நெருங்கியிருக்கின்றன. அவற்றில் சூல்முடி முதலில் பக்குவமாகும். மகரந்தம் சில நாள் கழித்தே உதிரும். அதனால் முதிர்ந்த கதிரின் மகரந்தத்தைத் தூரிகையில் எடுத்து இளங்கதிரில் தடவுகிறார்கள். இரண்டு செடிகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பூக்க வேண்டுமே! அதற்கு ஜிப்ரெலிக் அமிலம் தெளிக்கிறார்கள். நெல் நாற்றை அளவு மீறி நெடுக வளர்க்கும் பூஞ்சையை ஜப்பானில் ஆராய்ந்தபோது, 1926-இல் தடம் தெரிந்த பொருள் அது. செடிகளும் இந்த வகைப் பொருளைத் தமக்குள் சுரக்கின்றன. ஆக, பூக்க வைப்பதற்குக்கூடச் செடியின் மொழியையே கடன் வாங்க வேண்டியிருக்கிறது. பிறகு விதைகள் முளைக்கின்றன. ஒரே தாய்க்கும் தந்தைக்கும் பிறந்தும் ஒன்றுபோல் ஒன்று இல்லை. வளர்ப்பவர் காத்திருந்து பார்த்து, ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழிக்கிறார்.

காரியம் காரணத்துக்குள் முன்பே இருக்கிறதா, இல்லாதது புதிதாகத் தோன்றுகிறதா என்பது நம் தத்துவங்களின் பழைய வழக்கு. முன்பே உண்டு என்கிறது சாங்கியம். சைவ சித்தாந்தமும் அந்தப் பக்கமே. இல்லாததே தோன்றுகிறது என்கிறது நியாய வைசேஷிகம். பெற்றோர் இருவரிடமும் இல்லாத சாயல் பிள்ளைச் செடியில் தெரியும்போது நியாயத்தின் கை ஓங்குவதாகத் தோன்றும். அதை நான் எளிதாக ஒதுக்கவில்லை. ஆனால் அந்தச் சாயல் இரு பெற்றோரின் மரபுக்கூறுகள் புதிதாக அடுக்கப்பட்டதால் வந்தது. அடுக்கப்பட்ட எதையும் வளர்ப்பவர் கொண்டுவந்து சேர்க்கவில்லை. சித்தாந்தம் மண்ணை முதற்காரணம் என்றும், திரிகையைத் துணைக்காரணம் என்றும், குயவனை நிமித்த காரணம் என்றும் பிரிக்கும். குயவன் மனத்தில் குடம் முன்பே உருவாகிவிடுகிறது. செடி வளர்ப்பவருக்கோ எந்த நாற்று எப்படி வரும் என்பது முளைத்து வளர்ந்த பிறகே தெரியும். குயவனுக்கு உள்ள அளவுகூட அவருக்குப் படைப்புரிமை கிடையாது.

வேறு வேறு காடுகளின் செடிகள் அவரில்லாமல் சந்தித்தே இருக்காவே என்று கேட்கலாம். உண்மைதான், அந்தச் சந்திப்பு அவர் செயல், அதற்கான புகழும் அவருக்கே. கால்சிசின் கொண்டு நிறமூர்த்தங்களை இரட்டிப்பாக்குகிறார்களே என்றால், இருப்பதுதான் அங்கே இரட்டிக்கிறது. கதிர்வீச்சால் உண்டாகும் சடுதி மாற்றம்தான் கடினமான கேள்வி. அங்கே முன்பு இல்லாதது மெய்யாகவே தோன்றுகிறது. ஆயினும் எது மாறும் என்று அவர் தீர்மானிக்கவில்லை, நேர்ந்ததைக் கண்டுகொள்கிறார். 1930-இல் அமெரிக்கா கொண்டுவந்த தாவரக் காப்புரிமைச் சட்டமும் இதற்குச் சாட்சி. விளைநிலத்தில் தற்செயலாக முளைத்த புதிய நாற்றைக் கண்டெடுத்துப் பெருக்கியவரும் இன்று அதன்படி உரிமை பெறலாம். காட்டில் கண்டெடுத்தவர் பெற முடியாது. அப்படியானால் சட்டம் பரிசளிப்பது பார்வைக்கும் பராமரிப்புக்கும்தான். பல ஆண்டு உழைப்புக்குக் காலவரம்புள்ள அந்தக் கூலி நியாயமானது. அதைப் படைப்பாளியின் முழு உடைமையாகப் பேசுவதைத்தான் மறுக்கிறேன்.

தேர்ந்தவர் என்றால் தேர்வின் விளைவுக்கும் அவரே பொறுப்பு. ‘டோமினோ’ வகையின் இலையில் வெள்ளைத் திட்டுகள் உண்டு. பச்சையம் குறைந்த அந்த இடங்கள் செடிக்கு உணவு தருவதில் பின்தங்கியவை. நம் கண்ணுக்காகவே அவை காக்கப்படுகின்றன. திசு வளர்ப்பில் பெருக்கிய ஒரு வகையின் செடிகளெல்லாம் மரபளவில் ஏறக்குறைய ஒரே உயிர். சிலிண்ட்ரோக்ளாடியம் என்ற வேரழுகல் பூஞ்சை தாக்கினால், ஒன்றின் பலவீனம் எல்லாவற்றுக்கும் பலவீனம். அப்போது எதிர்ப்புத்திறனைத் தேடி மற்ற இனங்களிடமே போக வேண்டும். அந்த இனங்கள் வாழும் காடுகள் நிற்க வேண்டும். 1992-இன் உயிரியல் பன்மைய உடன்படிக்கை மரபு வளங்களின் மேல் அந்தந்த நாட்டின் உரிமையை ஏற்றது. ஆனால் அதற்கு முன்பே வெளியேறியவற்றை அது தொடவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் கொலம்பியாவிலிருந்து ஐரோப்பா போன ஸ்பாத்திஃபில்லம் வாலிசி அப்படிப் போனதுதான். சட்டம் கேட்காவிட்டாலும், புதிய வகையை விற்றுப் பயன் பெறுவோர் அந்தக் காடுகளின் காப்புக்குத் தாமாகவே ஒரு பங்கு தர வேண்டும். முதற்காரணம் அவர்களுடையது அன்று என்பதே அதற்குப் போதிய நியாயம்.