ஆட்டமும் வினையும்



சென்ற கோடை விடுமுறையில் ராசிபுரத்திலுள்ள எம் இல்லத்திற்கு வந்திருந்த பேரன், ஒருநாள் பின்னிரவில் கணிப்பொறியின் முன் தலைகுனிந்து அமர்ந்திருந்தான். கல்லூரியில் பயிலும் பிள்ளை, கண்கள் கலங்கியிருந்தன. யாருக்கேனும் தீங்கு நேர்ந்ததோ என அஞ்சி வினவினேன். பல வாரங்களாகத் தான் ஆடிவந்த ஆட்டத்தின் தலைவன் இறந்துவிட்டான் என்றான். "விளையாட்டுத்தானே தம்பி, போய் உறங்கு" என்றேன். "நான்தானே பாட்டி அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன்" என்றான். 36 ஆண்டுகள் வகுப்பறையில் விடை கூறிப் பழகிய எனக்கு அச்சொல்லுக்கு விடை கிட்டவில்லை. அதனைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

அவன் ஆடியது 'மாஸ் எஃபெக்ட்' என்னும் ஆட்டம். கனடா நாட்டின் பயோவேர் நிறுவனம் அதனை 2007 முதல் 2012 வரை மூன்று பாகங்களாக வெளியிட்டது. யாரைக் காப்பது, யாரைக் கைவிடுவது என ஆடுபவர் ஒரு பாகத்தில் எடுக்கும் முடிவுகள் அடுத்த பாகத்திலும் தொடரும். ஆனால், 2012 மார்ச்சில் வெளிவந்த மூன்றாம் பாகத்தின் இறுதியில் எஞ்சியவை மூன்றே வழிகள். அவையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றின. ஆடியோர் பலர் வெகுண்டனர். சிலர் நிதி திரட்டி, மருத்துவமனைக் குழந்தைகளுக்கு உதவும் அறநிறுவனம் ஒன்றிற்கு ஏறத்தாழ 80,000 டாலர் அளித்துத் தம் எதிர்ப்பை உணர்த்தினர். வேறு சிலர் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறங்களில் சுமார் 400 சிறு கேக்குகளை அந்நிறுவனத்திற்கு அனுப்பினர். நிறம் மூன்றாயினும் சுவை ஒன்றே!

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நிறுவனம் ஓர் இணைப்பை விலையின்றி வழங்கியது. அது முடிவை மாற்றவில்லை. எச்செயலால் எவ்விளைவு உண்டாயிற்று என்பதை விரித்துக் காட்டியது. அதன்பின் பலரது சினம் தணிந்தது. ஆகவே அவர்களை வருத்தியது துயர முடிவு மட்டுமன்று. செய்த வினைக்குப் பயன் காணாமையே என்பது தெளிவு.

நமக்கு இது புதிதன்று. சிலப்பதிகாரத்தில் குற்றமற்ற கோவலன் கொலையுண்கிறான். செய்தி கேட்ட கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறக்கிறார். எனினும் அந்நூலை நாம் வெறுப்பதில்லை. முற்பிறவியில் பரதன் என்பவனாய்ப் பிறந்து, சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனக் காட்டிக்கொடுத்த வினையே வந்து சூழ்ந்தது என மதுராபதி கண்ணகிக்கு உரைக்கிறாள். காரணம் விளங்கியதும் துயரம் நீங்குவதில்லை. முறையிடும் சினம் அடங்குகிறது.

ஆனால் என் பேரன் ஆடியது அவ்விணைப்பும் சேர்ந்த ஆட்டமே. பின் ஏன் கலங்கினான்? செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினை மூவகையாக நம்மை வந்தடையும் என்பது நம் ஆகமம். கதை கேட்பவர் மிகுந்தால் உடன்படுபவர், ஆடுபவரோ செய்பவர். 'பொய்யான ஆட்டந்தானே' என்பார்க்கு யசோதர காவியம் விடை கூறும். யசோதரன் பலியிட்டது உயிருள்ள கோழியை அன்று, மாவினால் செய்த கோழியை. ஆயினும் அவனும் அவன் தாயும் விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்றனர். கோழி பொய், கொல்லும் எண்ணம் மெய். அவ்வாறே ஆட்டத்தலைவன் பொய்யாயினும், அவனைக் காக்க முனைந்த அன்பு மெய்யன்றோ? அவ்வன்பு இழப்பைக் கண்டு கலங்குதல் இயல்பே.

இங்கு என் வாழ்விலிருந்து ஒன்றைக் கூறுதல் வேண்டும். என் கணவர் நோயுற்றிருந்த 2 ஆண்டுகளும் வேளை தவறாது மருந்தும் பத்தியமும் அளித்தேன். அவர் மறைந்தபோது துயரத்திற்கு முன்னே சினம் எழுந்தது. 'இத்தனை செய்தும் ஏன்?' என்று உள்ளம் கேட்டது. காரணத்தை விரித்துக் காட்டும் இணைப்பு எதுவும் எனக்கு வரவில்லை. நெடுநாள் கழித்தே ஒன்று புலப்பட்டது: என் பணிவிடையை அவர் உயிருக்கு விலையாக நான் எண்ணியிருந்தேன். பயன் இன்னதாகவே அமைதல் வேண்டும் என்பதும் ஒரு பற்றே. வினை தனக்குரிய காலத்தில், தனக்குரிய வடிவில் பழுக்கும். அவருக்கு நீர் புகட்டிய நாள்களில் நான் கற்ற பொறுமை இன்றும் என்னிடம் உள்ளது. அது வீண்போகவில்லை.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். ஆட்டத்தில் அன்பு மெய்யெனில், ஆட்டத்தில் மகிழ்ந்து செய்யும் கொலையும் உள்ளத்தைத் தீண்டாது விடாது. ஆகவே பிள்ளைகளை வெறுமனே கடிந்துகொள்ளாமல், 'அங்கே நீ என்ன செய்தாய்?' எனக் கேட்டறிதல் நம் கடமை.

மறுநாள் காலை என் பேரனிடம், "உன் தலைவன் யாரையெல்லாம் காப்பாற்றினான், தம்பி?" என்று கேட்டேன். ஒரு மணி நேரம் ஓயாது கூறினான். எடுத்துவைத்த சிற்றுண்டி ஆறிப்போயிற்று. நான் இடைமறிக்கவில்லை.