இலையில் ஏறிய வினை

பெருவின் மாத்ரே தே தியோஸ் பகுதியில் ஆற்றுமணலோடு பாதரசத்தைக் கலந்து பொன்துகளைத் திரட்டுகிறார்கள். திரண்ட உருண்டையைச் சுட்டால் தங்கம் மிஞ்சும், பாதரசம் ஆவியாகிவிடும். அந்த ஆவியைக் காட்டு மரங்கள் இலைத்துளைகள் வழியே உள்ளிழுக்கின்றன. மழையும் சருகும் அதை மண்ணில் சேர்க்கின்றன. அப்பகுதியிலுள்ள லோஸ் அமிகோஸ் காட்டை உட்படுத்தி 2022-இல் வெளிவந்த ஆய்வு, சுரங்கங்களை ஒட்டிய வெட்டப்படாத அடர்காட்டில்தான் பாதரசப் படிவு மிக அதிகம் என்று காட்டியது. செழிப்பாக நின்றதால்தான் அந்தக் காடு அதிக நஞ்சை வாங்கியிருக்கிறது.

செய்தவனே அனுபவிப்பான் என்னும் வினைக்கொள்கை இங்கே தடுமாறுகிறது. உருண்டையைச் சுடுபவனின் நுரையீரலிலும் ஆவி புகுகிறது, உண்மைதான். ஆனால் அங்குள்ள பறவையும், ஆற்றுமீனை உண்ணும் குழந்தையும் என்ன செய்தன? முற்பிறவிக் கணக்கு என்பார்கள். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. அது பாதிக்கப்பட்டவர் தலையிலேயே பழியைக் கட்டிவிடுகிறது. வினை தனியொருவரின் கணக்கு என்பதைவிட, பலர் சேர்ந்து செய்து வேறு பலர் சுமப்பது என்று கொள்வதே பொருந்தும். சுரங்கத் தொழிலாளிக்கு வேறு பிழைப்பில்லையே என்ற மறுப்பு நியாயமானது. அதனால் பழி மறைந்துவிடாது. அந்தத் தங்கத்தை விற்பவரையும் அணிபவரையும் அது சென்றடைகிறது. இலையில் ஏறிய பாதரசத்தை அளப்பதால் ஒரு துளி நஞ்சுகூடக் குறையாதே என்பது அடுத்த மறுப்பு. குறையாதுதான். ஆனாலும் உலர்த்தி அரைத்த இலைத்தூளைச் சூடேற்றி, ஒரு கிராமில் எத்தனை நானோகிராம் என்று எழுதி வைக்கும்போது, யாருடையதும் அல்லாதிருந்த தீங்குக்கு இடமும் அளவும் கிடைக்கின்றன. பொறுப்பாளிகளைத் தேடவும் வழி பிறக்கிறது.