இணையம்: கருவி ஒன்று, காட்சி பல

ஒரே பொருள் காண்பாரின் நிலைக்கேற்ப வேறுவேறாகத் தோன்றுதல் உலகியல்பு. ஆற்றினை உழவர் நீர்வளமாகக் காண்பர். ஓடக்காரர் வழியாகக் காண்பர். கரையில் குடியிருப்போர் மழைக்காலத்தில் அச்சமாகவே காண்பர். இன்று உலகத்தாரைப் பிணித்து நிற்கும் இணையமும் அத்தகையதே.

1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையம், உலகளாவிய வலை என்னும் தன் படைப்பை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. கொடுத்தது ஒன்றே. பெற்றுக்கொண்டோர் அதனை எவ்வாறு கண்டனர் என்பதற்கு மூன்று சான்றுகளை நோக்குவோம்.

அமெரிக்க நீதிபதிகள் அதனைப் பேச்சுரிமைக்குரிய பொதுமன்றமாகக் கண்டனர். சிறுவரைக் காக்கும் பொருட்டு, இணையத்தில் நாகரிகமற்ற பேச்சைத் தண்டிக்க அந்நாட்டில் 1996இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1997 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் அப்பகுதியைச் செல்லாதென்றது. சிறுவர் பொருட்டு வயது வந்தோரின் பேச்சுரிமையைப் பறித்தல் ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஐரோப்பியர் வேறொன்றைக் கண்டனர். ஸ்பெயின் நாட்டவர் ஒருவரின் சொத்து கடனுக்காக ஏலத்திற்கு வருவதாக 1998இல் நாளிதழொன்றில் அறிவிப்பு வெளிவந்தது. கடன் தீர்ந்து ஆண்டுகள் பல கழிந்தும், அவர் பெயரைத் தேடுவோர்க்கு அப்பழஞ்செய்தியே முன்வந்து நின்றது. இத்தகைய செய்தியைத் தம் பெயர்த் தேடலிலிருந்து நீக்குமாறு தேடுபொறி நிறுவனத்தைக் கேட்க ஒருவர்க்கு உரிமை உண்டென 2014 மே 13 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாளிதழின் ஏடு அழிக்கப்படவில்லை. மனிதரின் மானத்திற்கு மட்டும் ஒரு திரை இடப்பட்டது.

ஆஸ்திரேலியாவின் டென்னன்ட் கிரீக் என்னும் ஊரில் வாழும் வாருமுங்கு பழங்குடியினர் நோக்கு மூன்றாவது. அறிவு அனைத்தும் யாவர்க்கும் பொது என்பது அவர் மரபன்று. சில செய்திகள் ஆடவர்க்கே உரியன, சில மகளிர்க்கே, சில குறிப்பிட்ட குலத்தார்க்கே. இறந்தோரின் உருவைக் காணுதல் உறவினர்க்குத் துயர் தரும். ஆதலின், ஆய்வாளரோடு கூடி 2007இல் தமக்கெனக் கணினிச் சுவடிச்சாலை ஒன்றை அமைத்தனர். புனிதப் பொருள்களைக் காத்து வைக்கும் பையின் பெயரால் அதற்கு முகுர்ட்டு எனப் பெயரிட்டனர். காண வருபவர் யாவர் என்பதற்கேற்பவே அதன் படங்கள் திறக்கும். பின்னர் அது பிற பழங்குடியினர்க்கும் இணைய வழியில் பயன்படலாயிற்று.

இம்மூவருள் மெய்யைக் கண்டவர் யார்? ஒருவர் பேச்சைக் காத்தனர். ஒருவர் மானத்தைக் காத்தனர். ஒருவர் மரபைக் காத்தனர். நம் அறவோர் இவற்றை நயங்கள் என்பர். ஒன்றையே பற்றிப் பிறவற்றை மறுப்பின் அது ஏகாந்தமாகும். பேச்சுரிமை ஒன்றே போதுமெனின் இகழப்பட்டவர்க்குப் புகலிடமில்லை. மறைத்தல் ஒன்றே போதுமெனின் பதவியிலிருந்து தவறிழைத்தோரும் ஒளிந்துகொள்வர். மரபுக்காவல் ஒன்றே போதுமெனின் இளையோர்க்கு அறிவின் கதவு அடைபடும்.

எனினும், "எல்லாம் சரியே" என்று வாளா இருத்தல் அநேகாந்தம் ஆகாது. செயலென வரும்போது ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். அங்கே அகிம்சையே உரைகல். இதனால் நோவார் யார்? வேண்டாமென்று சொல்ல அவர்க்கு வாய்ப்புண்டா? இவ்விரு வினாக்களும் எந்நாட்டார்க்கும் பொருந்தும்.

தொலைநாட்டுச் செய்தியன்று இது. நோயுற்றுக் கிடக்கும் நம் வீட்டு முதியவரைக் கைபேசியில் படமெடுத்து உறவினர் நூற்றுவர்க்கு அனுப்புகிறோம். வெளியூரில் உள்ள மகளுக்கு அப்படம் ஆறுதல், அனுப்புவோர்க்கு அன்பு, கட்டிலில் கிடப்பவர்க்கோ நாணம். மூன்றும் மெய்யே. ஆயின் அவர் ஒருவரையே நாம் கேட்பதில்லை. மகளுக்கு மட்டும் அனுப்பியிருந்தால் ஆறுதலும் குறையாது, நாணமும் காக்கப்பட்டிருக்கும்.

அனுப்பும் முன், படத்தில் இருப்பவரின் கண்கொண்டும் ஒருமுறை பார்ப்போமாக.