பதிலியின் எல்லை

விதிக்கப்பட்ட பொருள் கிடைக்காதபோது சடங்கைக் கைவிடுவதா, வேறொரு பொருளைக் கொண்டு செய்து முடிப்பதா என்னும் கேள்வியை, வேதச் சடங்கு விதிகளை ஆராயும் சைமினியின் மீமாம்சை நூல் தன் பன்னிரண்டு அத்தியாயங்களுள் ஆறாவதன் மூன்றாம் பாதத்தில் மிக நுணுக்கமாக ஆராய்கிறது. பலனை விரும்பி ஒருவன் தானாக மேற்கொள்ளும் காமிய கருமத்துக்கு எல்லா அங்கங்களும் நிறைவாக இருக்க வேண்டும். செய்தே தீரவேண்டிய நித்திய கருமமோ இயன்ற அளவில் நடந்தால் போதும். நெல் கிடைக்காவிட்டால், நெல்லின் கூறுகளைப் பெரும்பாலும் தன்னிடம் கொண்ட நீவாரம் என்னும் காட்டு நெல் அதன் இடத்துக்கு வரலாம். சோமம் இல்லையென்றால் பூதிகத்தைப் பிழியலாம். இவ்வாறு வரும் பொருளுக்குப் பிரதிநிதி, அதாவது பதிலி, என்று பெயர். ஆனால் தெய்வத்துக்கும் அக்கினிக்கும் மந்திரத்துக்கும் செய்கைக்கும் பதிலி கிடையாது. வேள்விக்கு உரிமை பூண்டு அதன் பலனை அடையும் சுவாமிக்கும் பதிலி கிடையாது. கடைச்சரக்கைப் பற்றிய விதிகள் போலத் தோன்றும் இவற்றுக்குள் ஓர் அறத்தின் எல்லைக்கோடு இருக்கிறது. கெடாவின் ரப்பர்த் தோட்டங்களில் ஜப்பானியர் காலத்தில் நிகழ்ந்ததை அந்தக் கோட்டை வைத்தே அளக்க வேண்டும்.

வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோனதும், மலாயாவின் நெற்களஞ்சியமான கெடாவிலேயே தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில், மரவள்ளிக்கிழங்கு உலையேறியது. துணி கிடைக்காத உடம்பைக் கோணிச்சாக்கு மறைத்தது. வீட்டில் வெந்த கிழங்கையே மாரியம்மனுக்கும் முனீஸ்வரருக்கும் ஒருவர் படைத்திருந்தால், அந்தப் படையலில் மீமாம்சகர் குறை காண இடமில்லை. ஆட்டுக்குப் பதிலாகக் குங்குமம் தடவிய பூசணிக்காயை உடைக்கும் தமிழருக்கு இது புதிய செய்தியும் அன்று.

பதிலியைத் தேடும் நெருக்கடி போருக்கும் உண்டு. ஒரு தோட்டாவுக்கு உறுப்புகள் நான்கு: பித்தளைக் கூடு, வெடிமருந்து, குண்டு, அடியில் பதிந்திருந்து முதல் பொறியைத் தரும் கேப்பு. சுட்டு முடித்த கூட்டைப் பொறுக்கி மீண்டும் நிரப்பலாம்; ஈயத்தை உருக்கிக் குண்டு வார்க்கலாம்; ஆனால் கேப்பு இல்லையென்றால் மற்ற மூன்றும் வெறும் பாரமாகக் கிடக்கும். அக்கினிக்குப் பதிலி இல்லை என்ற விதி இங்கே பித்தளையில் எழுதப்பட்டிருக்கிறது. ஒப்புமையைப் பற்றிய விதியும் அவ்வாறே. 1941 டிசம்பர் 11 முதல் 13 வரை வட கெடாவின் ஜித்ராவில் நடந்த சண்டைக்குப் பின் பிரிட்டிஷ் படை ஏராளமான தளவாடங்களை விட்டுவிட்டுப் பின்வாங்கியது. பிரிட்டிஷ் துப்பாக்கியின் தோட்டாவும் ஜப்பானியரின் 99ஆம் வகைத் துப்பாக்கியின் தோட்டாவும் பெயரளவில் 7.7 மில்லிமீட்டர்தான். ஆயினும் முன்னதன் அடியில் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பின்னதன் அடி கூட்டின் பருமனைத் தாண்டாது. ஒன்று மற்றதன் அறைக்குள் பொருந்தாது. பருமனில் ஒத்திருப்பது மட்டும் ஒரு பொருளைப் பதிலி ஆக்கிவிடுவதில்லை.

பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைக்குத் தோட்டாவும் உணவும் கொண்டுபோகும் கடல்வழி, நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்களால் ஆபத்தாகிவிட்டதால், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்டது. தமிழர் நினைவில் அது சயாம் மரண ரயில். தளவாடத் தட்டுப்பாட்டைத் தீர்க்க எழுந்த அந்தப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து, கெடாத் தோட்டங்கள் உட்பட, பல்லாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டனர். கூலி கிடைக்கும், விரைவில் திரும்பலாம் என்ற பேச்சில் தொடங்கியது பின்னர் ஆள்பிடிப்பாகவே மாறியது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, பேர் கொடுத்துப் பால்மரம் வெட்டப் போனவர்கள், காட்டில் காலராவிலும் மலேரியாவிலும் விழ விழ, அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வந்தனர். சுட்ட கூட்டை நிரப்புவது போல மனிதரை நிரப்பிய கணக்கு இது. பலர் கூடிச் சுவாமிகளாக இருந்து நடத்தும் சத்திரம் என்னும் நீண்ட வேள்வியில் ஒருவர் இறந்தால், எண்ணிக்கையை நிறைக்க இன்னொருவரைச் சேர்க்க மீமாம்சை இசைகிறது. ஆனால் சேர்ந்தவர் சுவாமி ஆகார், பலனும் பெறார் என்று உடனே சொல்லியும் விடுகிறது. அந்த நேர்மைகூட இந்தக் கணக்கில் இல்லை.

பக்தியின் பேரில் இதே பிழை நேரக்கூடும் என்பதைப் பெரியபுராணம் மறைக்கவில்லை. திருவொற்றியூரில் எண்ணெய் வாணிபம் செய்த கலிய நாயனார், செல்வம் தீர்ந்து கோயில் விளக்குக்கு எண்ணெய் வாங்க வழியற்றபோது, தம் மனைவியையே விற்க முற்பட்டார். ஊரில் வாங்குவார் எவரும் இல்லை. அதன் பிறகே தம் குருதியை எண்ணெயாக வார்க்கத் தம் கழுத்தை அரியத் தொடங்கினார், இறைவன் கையைப் பிடித்துத் தடுத்தார். இக்கதையின் உயிர்நிலை அந்த விலைபோகாத இடத்தில் இருப்பதாகவே கொள்ள வேண்டும். தன்னைத் தருவதற்கு ஒருவனுக்கு உரிமை உண்டு, பிறரைத் தருவதற்கு இல்லை. திருவொற்றியூரில் அந்த விற்பனை நடவாமற் போனது, கெடாவில் நடந்தேறியது.

காணாமற்போனவருக்கும் மரபில் ஒரு பதிலி உண்டு. அயலூரில் இறந்து உடலும் கிடைக்காத அக்கினிஹோத்திரிக்கு, அதாவது நாள்தோறும் வேள்வித்தீ வளர்ப்பவனுக்கு, 360 புரசங்காம்புகளை அடுக்கி மனித வடிவம் செய்து எரிக்கும்படி ஐதரேய பிராமணம் கூறுகிறது. பிற்காலத் தரும நூல்கள் இவ்வழக்கத்தை விரித்ததோடு, இறந்தவராகக் கருதப்பட்டவர் உயிரோடு வந்து நின்றால் செய்ய வேண்டியதையும் வகுத்தன. 1945இல் போர் முடிந்தபின் சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாகக் கெடாவின் லயங்களுக்குத் திரும்பினர். கருமாதி நடந்து முடிந்த வீட்டுக்கு அவ்வாறு திரும்பியவரைப் பற்றி அந்நூல்கள் சொல்வது இது: அவரை நெய்யில் முழுக்காட்டி, அன்று பிறந்த குழந்தைக்குச் செய்வதுபோலச் சாதகருமம் தொடங்கி எல்லாச் சடங்குகளையும் வரிசையாகச் செய்து, பெயரிட்டு, அவருடைய மனைவியையே அவருக்கு மீண்டும் மணம் முடிக்க வேண்டும்.