படகுகள் வராத மறுநாள்

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போக்கிமான் அட்டைகளைச் சேகரிப்பவர்களிடையே பெரிய கலக்கம். 1996-இல் அந்த அட்டை விளையாட்டு ஜப்பானில் கடைக்கு வருவதற்கு முன்னால் சோதனைக்காக அச்சிட்டவை என்று சொல்லி, சில முன்மாதிரி அட்டைகள் ஏலங்களில் பெரும் விலைக்குப் போய்க்கொண்டிருந்தன. சந்தேகப்பட்ட சிலர் அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். வண்ண அச்சுப்பொறிகள் பலவும் தாளின்மேல் கண்ணுக்குப் புலப்படாத மஞ்சள் புள்ளிகளை இட்டுவிடும். அச்சிட்ட நாள் அந்தப் புள்ளிகளின் வரிசைக்குள் ஒளிந்திருக்கும். புள்ளிகளைப் படித்தபோது சில அட்டைகளில் கிடைத்த ஆண்டு 2024! அந்த அட்டைகளோ, அசல் என்று தரச்சான்று நிறுவனம் முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தன.

‘சந்தை என்றால் நாலும் இருக்கும்’ என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. தள்ளிவிடக் கூடாது. போலியை அசல் என்று விற்பதும், தன் பொருளுக்குத் தானே வேறு பெயரில் ஏலம் கேட்டு விலையை ஏற்றிவிடுவதும் திருட்டு. வியாபாரத் தந்திரம், சாமர்த்தியம் என்று வேறு பெயர் வைப்பதால் அது மாறிவிடாது.

மறுதரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. வாங்குகிறவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும் என்பது ஆங்கிலச் சட்டத்தில் ஊறிய கொள்கை. பழைய அட்டையும் ஓவியமும் அரிசி பருப்பு அல்ல. வாங்காவிட்டால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. ஆசைப்பட்டுப் போய் விழுந்தவர் தன் பங்குக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கதவைத் திறந்து போட்டவரின் கவனக்குறைவு, உள்ளே நுழைந்தவரை யோக்கியராக்கிவிடுமா?

இந்தக் கேள்விக்கு நல்ல பரீட்சை 2000-ஆம் ஆண்டு மே மாதம் ஈபேயில் நடந்த ஓர் ஏலம். கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவைச் சேர்ந்த வழக்கறிஞர் கென்னத் வால்டன் பெரிய அரூப ஓவியம் ஒன்றை 25 சென்ட் ஆரம்ப விலைக்குப் போட்டார். பழைய சாமான் விற்பனையில் வாங்கியதாம்; வீட்டுக்குள் மாட்ட மனைவி விடவில்லையாம்; பிள்ளை தன் பிளாஸ்டிக் வண்டியை மோதி ஓட்டை போட்டுவிட்டானாம். விளம்பரம் முழுக்க இப்படி அப்பாவித்தனம். படத்தின் மூலையில் மட்டும் ‘ஆர்.டி. 52’ என்ற எழுத்து தெரிந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரிச்சர்ட் டீபென்கார்ன் என்ற புகழ்பெற்ற ஓவியரின் பெயரையும் எடுக்கவில்லை. பார்த்தவர்கள் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். பாவம், இந்த மனிதருக்குத் தன்னிடம் இருப்பது என்னவென்றே தெரியவில்லை என்று நினைத்தார்கள். ஏலம் 1,35,805 டாலரில் முடிந்தது.

அவருக்கு அப்போது மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. அந்த எழுத்துகளைத் தீட்டியவர் அவரேதான். அவரும் கூட்டாளிகளும் பல பெயர்களில் புகுந்து ஒருவர் பொருளுக்கு இன்னொருவர் ஏலம் கேட்டு விலையை ஏற்றிவந்தார்கள். 2001-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிறகு அதையே புத்தகமாகவும் எழுதினார்.

‘இது டீபென்கார்ன் ஓவியம் என்று நான் சொன்னேனா?’ என்பதுதான் இப்படிப்பட்டவர்களின் கேடயம். வள்ளுவர் அந்தக் கேடயத்தை என்றோ பிடுங்கிவிட்டார். வாய்மை அதிகாரத்தின் முதல் குறளில் அவர் வாய்மைக்கு வரையறை தரும்போது, சொன்ன சொல் நடந்ததோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கவில்லை. அதனால் பிறருக்குச் சிறிதேனும் தீங்கு உண்டா என்றுதான் பார்க்கிறார். கள்ளாமையில் இன்னும் கடுமை: பிறர் பொருளை வஞ்சித்து எடுப்போம் என்று மனத்தால் நினைப்பதே தீது. அந்தக் குறள் மலிவாகத் தட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்த வாங்குபவரையும் உறுத்தத்தான் செய்யும். உறுத்தட்டும். நினைத்தவரும் வலை விரித்தவரும் ஒரே தட்டில் நிற்க முடியாது.

கிறிஸ்து பிறப்பதற்கு 44 ஆண்டுகளுக்கு முன் சிசரோ எழுதிய ‘கடமைகள்’ நூலின் மூன்றாம் பகுதியில் வால்டனின் மூதாதை ஒருவன் இருக்கிறான். சிராக்யூஸ் நகரத்தில் தோட்ட வீடு வாங்க ஆசைப்பட்டார் கானியஸ் என்ற ரோமானியர். பித்தியஸ் என்ற வட்டிக்கடைக்காரன் அவரைத் தன் தோட்டத்துக்கு விருந்துக்கு அழைத்தான். மீனவர்களை வரவழைத்து, விருந்து நடக்கும்போது தோட்டத்துக்கு எதிரிலேயே மீன் பிடிக்கச் சொல்லிவைத்தான். கண்ணெதிரே படகுக் கூட்டம். பிடித்த மீனைக் கொண்டுவந்து பித்தியஸின் காலடியில் கொட்டுகிறார்கள். கானியஸ் மயங்கி, கேட்ட விலைக்கு வாங்கினார். மறுநாள் நண்பர்களோடு வந்து பார்த்தால் ஒரு துடுப்புகூட இல்லை. மீனவர்களுக்கு இன்று விடுமுறையா என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டார். ‘இங்கே யாரும் மீன் பிடிப்பதே கிடையாது, நேற்று என்ன ஆயிற்று என்று நானே யோசித்துக்கொண்டிருந்தேன்’ என்றார் அவர். கதையோடு நிற்காமல், ஏலத்தில் விலையை ஏற்ற விற்பவன் ஆள் வைக்கக் கூடாது என்றும் சிசரோ எழுதிவைத்தார்.

வணிகர்கள் கூடிப் பேசிச் சரக்கைப் பதுக்கி விலை ஏற்றினால் ஆயிரம் பணம் தண்டம் என்றது அர்த்தசாஸ்திரம். பட்டினப்பாலையின் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் பொருளின் விலையை ஒளிக்காமல் சொல்லி விற்றார்கள். பிறர் பொருளையும் தன் பொருள்போலப் பேணுவதே வாணிகம் என்ற குறளை வள்ளுவர் நடுவுநிலைமையில் வைத்தார். சிலப்பதிகாரத்தை இந்தக் கோணத்தில் படித்தவர்கள் குறைவு. கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு போனது மதிப்பிடத் தெரிந்தவனிடம். அந்த மதிப்பீட்டாளன்தான் அரசியின் சிலம்பைத் திருடியவன். சான்று சொல்ல வேண்டியவன் பொய்த்தால் ஓர் ஊரே எரியும் என்பதற்கு இதைவிட வேறு கதை வேண்டாம்.

அமெரிக்காவில் விளையாட்டு நினைவுப்பொருள் ஏலத்தில் கொடிகட்டிப் பறந்த பில் மாஸ்ட்ரோவுக்கு 2015-இல் 20 மாதச் சிறை கிடைத்தது. தன் நிறுவனத்தின் ஏலங்களிலேயே போலிக் கேள்விகளால் விலையை ஏற்றியவர் அவர். 2007-இல் 28 லட்சம் டாலருக்குக் கைமாறிய ஹோனஸ் வாக்னர் பேஸ்பால் அட்டையின் ஓரங்களைத் தான்தான் வெட்டிச் சீராக்கியதாகவும் ஒப்புக்கொண்டார்.

ஏதோ பணக்காரர்களின் பொழுதுபோக்குக்கு வந்த கேடு என்று நாம் சும்மா இருக்க முடியாது. டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டு லட்சங்களுக்கு விலைபோகும், 786 என்று முடியும் நோட்டு இருந்தால் யோகம் என்று கைப்பேசியில் வரும் காணொளிகளைப் பார்க்காதவர் யார்? பீரோவில் புடவை மடிப்புக்குள் கிடந்த நோட்டை ஒருவர் படம் எடுத்து அனுப்புகிறார். உடனே அழைப்பு வருகிறது: விலை முடிந்துவிட்டது, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள். கட்டினால் அடுத்து வரி, அதற்கடுத்து கமிஷன். இந்தச் சூதில் ரிசர்வ் வங்கியின் பெயரையும் இழுத்ததால், 2021 ஆகஸ்டில் வங்கி, பழைய நோட்டு வாணிகத்தில் தனக்குப் பங்கில்லை, எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று. கட்டியவரின் ஆசையைக் கேலி செய்வது எளிது. அந்த ஆசையை விதைத்தவர் யார் என்று கேட்பதுதான் அறம்.

நம் நாட்டுச் சட்டமும் இதில் ஊமை அல்ல. 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆவது பிரிவு, விற்பவர் போலிக் கேள்வியால் விலையை ஏற்றினால் வாங்கியவர் விரும்பினால் அந்த விற்பனையை ரத்து செய்துகொள்ளலாம் என்கிறது. விரும்புவதற்கு முதலில் தெரிய வேண்டுமே! எந்தக் கணக்கு எங்கிருந்து இயங்குகிறது, எதிர்த்துக் கேட்ட ஐந்து பேரும் ஒரே ஆளா என்பதைக் கண்டுபிடிக்கும் வசதி ஏலத் தளத்திடம்தான் இருக்கிறது. தளத்தின் கமிஷனோ பெரும்பாலும் இறுதி விலையில் இத்தனை சதவீதம் என்று வருவது. விலை ஏறினால் அதுவும் ஏறும். ஆகவே தேடிப் பிடித்துச் சொல்லும் கடமையைத் தளத்தின் தலையில்தான் கட்டியாக வேண்டும். கானியஸுக்காவது கேட்பதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இருந்தார். ஈபேயில் தோற்றும் வென்றும் கேட்டவர்களின் வரிசையைத் திறந்தால், வெளியாருக்குத் தெரிவது ஓரிரு எழுத்துகளும் நடுவே மூன்று நட்சத்திரக் குறிகளும்.